வாஷிங் மெஷினும் தண்ணீர்ச் செலவும்: மூன்று வீடுகளின் அனுபவங்கள்

மடிப்பாக்கம், சென்னை

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீரும் நின்றுபோனது. லாரித் தண்ணீரைக் குடம் குடமாகக் கணக்குப் பார்த்துச் செலவழித்த அந்த நாள்களில்தான், ஒரு சலவைக்கு 100 லிட்டருக்கு மேல் எடுத்துக்கொண்ட பழைய டாப் லோட் (மேலே மூடி உள்ள) இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, 7 கிலோ ஃப்ரன்ட் லோட் (முன்பக்கம் கதவு உள்ள) ஒன்றை வாங்கினோம். 50, 60 லிட்டரில் சலவை முடிந்துவிடும் என்பதற்காகவே அதை வாங்கினோம்.

நடந்ததோ நேர்மாறு. மொட்டைமாடியில் எங்கள் வீட்டுக்கென இருக்கும் 500 லிட்டர் தொட்டி, ஒரே சலவையில் ஏறக்குறைய பாதியளவு இறங்கியது. அழுக்கும் சரியாகப் போகவில்லை. இயந்திரமே பழுது என்று முடிவுகட்டியிருந்த நிலையில், துணி துவைபட்டுக்கொண்டிருக்கும்போதே கழிவுக் குழாயிலிருந்து நுரைத் தண்ணீர் நிற்காமல் வழிவதை என் மாமியார்தான் முதலில் கண்டார்கள். தண்ணீரை வெளியேற்றும் பம்பு அப்போது ஓடவேயில்லை.

எங்கள் பழைய டாப் லோடில் வடிகால் வால்வு இருந்தது. அது திறந்தால் தண்ணீர் தானே கீழே வடியும் என்பதால், குழாய் தரையில் கிடப்பதுதான் முறை. ஃப்ரன்ட் லோடில் அத்தகைய வால்வு இல்லை. குழாய் உயர்ந்து நிற்பதனால்தான் தண்ணீர் உள்ளே தங்குகிறது. பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் அதை மாட்டச் சொல்வார்கள். பொருத்த வந்தவர் பழைய வழக்கப்படி அதைக் குளியலறைத் தரையில் போட்டுவிட்டுப் போனதால், உள்ளே வந்த தண்ணீரெல்லாம் குழாய் வழியே தானாக இழுபட்டு வெளியேற, அளவு குறைந்ததை உணர்ந்த இயந்திரம் மீண்டும் மீண்டும் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பஞ்ச காலத்தில் அப்படிச் சாக்கடைக்குப் போன தண்ணீரை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

அன்றே 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை அருகில் வைத்து, அதன் விளிம்பில் குழாயைக் கட்டினோம். டிரம்மின் உயரம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் இருந்ததால் குறை உடனே தீர்ந்தது. சேர்ந்த தண்ணீரை 20 லிட்டர் வாளியால் அளந்தபோது மூன்று வாளிகூட நிரம்பவில்லை. அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கும், கடைசி அலசல் நீர் தரை துடைக்கவும் பயன்படுகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: குழாயின் நுனி டிரம்மில் உள்ள தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது, மூழ்கினால் அழுக்குத் தண்ணீர் இயந்திரத்துக்குள் திரும்பிவர வாய்ப்புண்டு.

கோயம்புத்தூர்

மடிப்பாக்கம் அம்மா, உங்கள் வீட்டில் குழாய் செய்ததை எங்கள் வீட்டில் சலவைத்தூள் செய்தது. சென்னையில் உப்புத் தண்ணீருக்குப் பழகிய கை, சிறுவாணித் தண்ணீருக்கு வந்த பிறகும் அதே அளவு தூளைப் போட்டது. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் வேலையைத் தடுப்பதால் அங்கே கூடுதலாகத் தேவைப்பட்டது. மென்மையான இந்த நீரிலோ கண்ணாடிக் கதவு முழுவதும் நுரை ஏறி, அதைக் கண்டுகொண்ட இயந்திரம் தானாகவே கூடுதல் அலசல்களைச் சேர்த்துக்கொண்டது. தூளைப் பாதியாகக் குறைத்தேன். சலவை நேரமும் தண்ணீரும் குறைந்தன. சென்னையிலிருந்து வந்த இயந்திரத்தின் ஹீட்டரில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பை மெக்கானிக் சுரண்டி எடுத்துக் காட்டினார். இப்போது துண்டு, படுக்கைவிரிப்பு தவிர வேறெதற்கும் நான் வெந்நீர் வைப்பதில்லை. 15 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கவே அரை யூனிட் மின்சாரம் செலவாகிவிடும்.

மதுரை

எங்களுக்கு நேர்ந்தது தண்ணீரே வராத சிக்கல். மேல்மாடி வீடு, தொட்டியோ தலைக்கு நேர்மேலே, குழாய்க்கு இரண்டு மீட்டர் உயரத்தில். ஃப்ரன்ட் லோட் இயந்திரங்கள் பலவற்றுக்கு 0.3 பார் அழுத்தம், அதாவது சுமார் மூன்று மீட்டர் உயரம் வேண்டும். மேலும், தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு சல்லடையில் தொட்டியின் வண்டல் அடைத்திருந்தது. குழாயை மூடிவிட்டு, சல்லடையைக் குறடால் இழுத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவியதும் ஓரளவு சரியானது. பிறகு தொட்டியைச் செங்கல் மேடை கட்டி உயர்த்தினோம். சல்லடையை மாதம் ஒருமுறை நானே கழுவிவிடுகிறேன்.