மகள் பளு தூக்க ஆசைப்படுகிறாள், சேர்த்துவிடலாமா?

சத்துவாச்சாரி அப்பா:
நம் கல்லூரி அணி எங்கே ஆடினாலும் பஸ் பிடித்துப் பின்னாலேயே போன கூட்டத்தில் நானும் ஒருவன். இப்போது மகள் எட்டாம் வகுப்பு. எங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் பளுதூக்கும் போட்டியில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 149 கிலோவும், தோளில் நிறுத்தித் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோவும் தூக்கித் தங்கம் வாங்கிய வீடியோவைப் போட்டுவைத்து, துடைப்பக் கட்டையைத் தலைக்கு மேல் தூக்குகிறாள். முழங்கையை மடக்காமல், மூச்சைப் பிடித்து அவள் நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்குகிறது. அம்மாதான், "உயரம் நின்னுடும்டா" என்கிறார். என்ன சொல்லட்டும்?

காட்பாடி அக்கா:
வாழ்த்துகள் தம்பி! பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து முறையாகச் செய்தால் உயரம் நிற்காது, அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். முதலில் குச்சி, அப்புறம் வெறும் கம்பி. பெண்கள் போட்டிக் கம்பியே 15 கிலோ. பிள்ளைகளுக்கு அதைவிட லேசான கம்பி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். எடை கூட்டச் சொல்லி அவசரப்படுத்தும் இடம் வேண்டவே வேண்டாம்.

ராணிப்பேட்டை ரசிகன்:
கேலரியில் தொண்டை கிழியக் கத்தின ஆள் வீட்டிலிருந்து ஒரு வீராங்கனையா! சர்வதேச இளையோர் பிரிவே 13 வயதில்தான் தொடங்குகிறது மச்சான், சரியான நேரம்தான். இங்கேயும் நல்ல செய்தி, பையன் பிறந்திருக்கிறான். ஆற்காடு மக்கன் பேடாவோடு வருகிறேன்.

சத்துவாச்சாரி அப்பா:
பையனுக்கு என் ஆசீர்வாதம் மச்சான்! அக்கா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "சரி, தினம் ரெண்டு முட்டை சாப்பிடட்டும்" என்கிறார். திங்கட்கிழமை நேதாஜி ஸ்டேடியத்தில் போய் விசாரிக்கிறேன்.