1979 ஜூலை 12 பேப்பர் யார் வீட்லயாச்சும் இருக்கா? ஸ்கைலாப் கதை சொல்லுங்க

தென்காசிச் சாரல்:
போன வாரம் ஆச்சியோட டிரங்குப் பெட்டியை ஒதுங்க வைக்கப் போனேன், பட்டுச் சேலைக்கு அடியில விரிச்சிருந்த பேப்பர் கையில வந்துச்சு, 1979 ஜூலை 12, வியாழக்கிழமை. ஸ்கைலாப்னா அமெரிக்காவோட விண்வெளி நிலையம், அது பூமியில எங்க விழுமோன்னு அப்ப எல்லாரும் பயந்துட்டு இருந்தாங்க. முதல் பக்கத்துல பாதியை அடைச்சு, ஸ்கைலாப் எந்த நேரமும் விழும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, அதை ஒட்டி அடுத்த பத்தியிலேயே பிரதமர் மொரார்ஜி தேசாய் அரசு மேல எதிர்க்கட்சித் தலைவர் சவான் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்த செய்தி. ரெண்டையும் சேத்துப் படிச்சா எது முதல்ல விழும்னு பந்தயம் கட்டின மாதிரியே இருக்கு, தரையில உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். மொரார்ஜி 15ம் தேதி ராஜினாமா பண்ணிட்டார்.

ஆனா எனக்கு மறக்க முடியாதது ஆச்சி சொன்னதுதான். பேப்பரைக் கையில வாங்கிப் பாத்துட்டு, "ஏல, இதை டீக்கடையில வாசிச்சுச் சொன்னாவ. கேட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்து முட்டையிடுற கருப்புக் கோழியை அடிச்சுக் குழம்பு வச்சேன். சாவப்போற நேரத்துல முட்டையை யாருக்குச் சேத்து வைக்கச் சொல்லுத?"ன்னாங்க.

கரூர் மைனா:
எனக்கு அப்ப எட்டு வயசு. 11ம் தேதி ராத்திரி தெருவே வாசல்ல கட்டில் போட்டு மேல பாத்துட்டு இருந்துச்சு. எங்க வீட்டை ஒட்டி தறி போட்டிருந்த தகரக் கொட்டாய், அது மேல ஒரு முத்தல் தேங்காய் விழுந்துச்சு பாருங்க, டமார்னு, மொத்தத் தெருவும் ஓடிருச்சு, எங்க அத்தை பக்கத்து வீட்டுப் புள்ளையத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. தாத்தா மட்டும் லாந்தரை எடுத்துட்டுப் போய் அந்தத் தேங்காயைக் கையில வச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாரு, அமெரிக்காக்காரன் எழுத்து ஏதாச்சும் இருக்கான்னு. மறுநாள் பேப்பர் வந்ததும் நாங்க எல்லாரும் முதல்ல தேடினது எங்க ஊர் பேரைத்தான்.

கணக்கு வாத்தியார்:
சாரல், தேதி இடிக்குதே. நம்ம நேரப்படி 11ம் தேதி ராத்திரி பத்து மணி தாண்டினதுமே விஷயம் முடிஞ்சு போச்சு. 77 டன் எடை, 1973ல மேல போனது, வர்ற வழியிலேயே உடைஞ்சு துண்டு துண்டா இந்தியப் பெருங்கடல்லயும் மேற்கு ஆஸ்திரேலியாவுல எஸ்பெரன்ஸ்ங்கற ஊர்ப்பக்கமும் விழுந்துச்சு. அப்புறம் எப்படி 12ம் தேதி பேப்பர்ல "விழும்"னு வரும்? எங்கிட்டயும் 12ம் தேதி பேப்பர் இருக்கு, சென்னையில வாங்கினது, அதுல விழுந்தாச்சுன்னுதான் போட்டிருக்கு. நீங்க தேதியைத் தப்பாப் படிச்சிருப்பீங்க, 11ஆ இருக்கும், கண்ணாடி போட்டுட்டு இன்னொரு தடவை பாருங்க.

அந்த எஸ்பெரன்ஸ் ஊர்க்காரங்க நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டாங்க, கண்ட இடத்துல குப்பை போட்டதுக்கு. சான் பிரான்சிஸ்கோ பேப்பர் ஒண்ணு முதல் துண்டைக் கொண்டு வந்தா 10,000 டாலர்னு அறிவிச்சிருந்துச்சு, அதையும் அந்த ஊர்ப் பையன் ஒருத்தன்தான் வாங்கினான், 17 வயசு.

எங்க அப்பாவுக்கு இது எதுவும் கணக்குலயே இல்லை. வெங்கட்ராகவன் கேப்டனா எட்ஜ்பாஸ்டன்ல ஆடற டெஸ்ட் அன்னைக்கு ஆரம்பம், நேரா விளையாட்டுப் பக்கத்தைத்தான் புரட்டினார். இங்கிலாந்து அஞ்சு விக்கெட்டுக்கு 633 அடிச்சு டிக்ளேர் பண்ணுச்சு, அந்த அஞ்சும் கபில்தேவ் எடுத்தது. ஸ்கைலாப் வீட்டு மேல விழுந்திருந்தாக்கூட அப்பா அவ்ளோ வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

மர எழுத்து:
வாத்தியார் சார், அவர் படிச்சது சரிதான். நான் அப்ப ஒரு தினசரி பிரஸ்ல கம்போசிங்ல, அதாவது அச்செழுத்துக் கோக்கற வேலையில இருந்தேன். வெளியூர் போற பேப்பர் டாக் எடிஷன், பஸ்ஸும் ரயிலும் பிடிக்கணுமில்ல, அதனால ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் முதல் பக்கத்தைப் பூட்டி மெஷினுக்கு அனுப்பிருவோம். விழுந்த செய்தி டெலிபிரிண்டர்ல வந்தப்ப பாதிப் பிரதி வண்டியேறிப் போயாச்சு. அதான் ஒரே தேதியில கிராமத்துக்கு "விழும்", டவுனுக்கு "விழுந்தது".

நான் இன்னும் நினைச்சுச் சிரிக்கறது அந்த "ஸ்" எழுத்து. பெரிய சைஸ் மர எழுத்துல எங்ககிட்ட இருந்தது ரெண்டே ரெண்டு "ஸ்", ஒண்ணு ஏற்கெனவே விரிசல். ஒரு மாசமா தினம் ஸ்கைலாப் ஸ்கைலாப்னு அடிச்சு மத்ததும் மழுங்கிப் போச்சு. அன்னைக்கு ராத்திரி சேதி வந்ததும் ஃபோர்மேன் போட்ட முதல் சத்தம், "அப்பாடா, இனிமே ஸ் வேணாம்டா!"

பழைய தாள்:
எங்க வீட்ல அந்த வருஷப் பேப்பரைப் பரண்ல இருந்து எடுத்தப்ப அப்பளம் மாதிரி நொறுங்கிருச்சு, அவ்ளோதான் என் கதை. சாரல், தயவுசெஞ்சு நான் சொல்றதைக் கேளுங்க. லேமினேட் பண்ணிராதீங்க, அது பேப்பரைச் சமாதி கட்டற வேலை. செல்லோ டேப் கூடவே கூடாது, பசை ஊறிப் பழுப்பாயிரும். நியூஸ்பிரிண்ட் மரக்கூழ்ல செஞ்சது, அதுல இருக்கற லிக்னின் வெளிச்சமும் காத்தும் பட்டா மஞ்சளாகும், அதனால பிரேம் போட்டு வெயில் படற சுவத்துல மாட்டாதீங்க. மடிச்சிருந்தா மெதுவா விரிச்சு, அமிலம் இல்லாத தாள் ரெண்டுக்கு நடுவுல படுக்க வச்சு, தட்டையான அட்டைப்பெட்டியில வைங்க. முதல்ல பகல் வெளிச்சத்துல, வெயில் நேரா படாம போட்டோ எடுத்துருங்க, ரெண்டு பக்கமும், ஓரம் உட்பட. கையில ஈரம் எண்ணெய் இருக்கக் கூடாது. வேற தேதிப் பேப்பர் தேடறவங்க எழும்பூர் கன்னிமாராவுல கேட்டுப் பாருங்க, தரமணியில ரோஜா முத்தையா நூலகம் இருக்கு, அங்க பழைய பத்திரிகைகளை ரொம்ப அக்கறையா வச்சிருக்காங்க. அப்புறம் அந்துருண்டையை பேப்பர் மேல நேரா போடாதீங்க, அது இன்னொரு...

கரூர் மைனா:
அண்ணே, அவர் கோழிக் கதையில்ல சொன்னாரு, பேப்பரை எப்படி வைக்கறதுன்னா கேட்டாரு?

தென்காசிச் சாரல்:
மர எழுத்து ஐயா, நீங்க சொன்னதுதான் நிஜம். தேதியை மறுபடி பாத்தேன், 12தான் வாத்தியார். எங்க ஊருக்குப் பேப்பர் பஸ்ல பதினோரு மணிக்குத்தான் வரும், பஞ்சாயத்து ரேடியோ சாயங்காலம்தான் போடுவாங்க. அப்ப டீக்கடையில வாசிச்சது 12ம் தேதி மத்தியானம், அது விழுந்து பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு.

ஆச்சிகிட்ட இதைச் சொன்னேன். விரலை மடக்கி மடக்கி எண்ணினாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "முந்தின ராத்திரியேவால விழுந்துச்சு? எங் கோழி!"ன்னாங்க. பேப்பரைப் பழையபடி சேலைக்கு அடியிலயே வைக்கச் சொல்லிட்டாங்க.