பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.: தம்பியைச் சேர்க்கலாமா?

கேள்வி (கடலூர் வாசகி):
என் தம்பி இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 500க்கு 274 மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறான். அவனைப் புத்தகத்தோடு உட்கார வைப்பது பெரும்பாடு. ஆனால் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால், அதைக் கழற்றிப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) பிட்டர் பிரிவில், அதாவது இயந்திர பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் தொழிலில், சேர விரும்புகிறான். பிளஸ் 2 முடிக்காதவனுக்கு மேற்படிப்பும் இல்லை, நல்ல வேலையும் இல்லை என்று அப்பா மறுக்கிறார். அவருடைய அச்சம் சரிதானா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற பயிற்றுநர்):
சகோதரி, அப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கு பெறும் டிப்ளமோவைக் கொண்டு பொறியியல் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. சான்றிதழுடன் தமிழ், ஆங்கில மொழித்தாள்களை எழுதித் தேறினால், பிளஸ் 2க்கு இணையான சான்று பெறவும் தமிழக அரசு வழி செய்திருக்கிறது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) பணிக்குப் பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. படித்தவர்களும் விண்ணப்பிக்கிறார்கள்.

ஆனால் தம்பிக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிட்டர் பிரிவில் எடுத்தவுடன் மோட்டாரைக் கழற்றத் தர மாட்டார்கள். ஓர் இரும்புத் துண்டை வைஸ் என்னும் பிடிப்புக் கருவியில் இறுக்கி, அரத்தால் நாள்கணக்கில் அராவ வேண்டும். பிறகு செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்போம். இடுக்கில் கீற்றளவு ஒளி தெரிந்தாலும் மறுபடியும் அராவ வேண்டியதுதான். அந்த வாரங்களில் மனம் சலித்து நின்றுவிட்ட பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அவர்களில் பலர் நல்ல கைகாரர்கள்.

மறுமொழி 2 (ஓசூர் தொழிலாளி):
பயிற்றுநர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லா ஐ.டி.ஐ.யும் ஒன்றல்ல. நான் படித்த தனியார் நிலையத்தில் இருந்த ஒரே லேத்தும் (கடைசல் இயந்திரமும்) பாதி நாள் பழுதாகவே கிடந்தது. வேலைக்கு வந்த பிறகுதான் உண்மையில் தொழில் கற்றேன். அரசு நிலையங்களில் சீருடை, பேருந்து அட்டை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை ஆகியவை கிடைக்கின்றன. 71 அரசு நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அரசு தரம் உயர்த்தியும் இருக்கிறது. சேர்வதற்கு முன் ஒரு வேலைநாளில் பட்டறைக்குள் சென்று, லேத்தின் அடியில் புதிய இரும்புச் சுருள் கிடக்கிறதா என்று பாருங்கள்; கிடந்தால் அது ஓடுகிறது என்று பொருள். படிப்பு முடிந்ததும் தொழிற்சாலையில் வேலை பழகும் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சியைத் தவறவிட வேண்டாம். முதல் வேலையில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதையும் அப்பாவிடம் மறைக்காதீர்கள்.

கடலூர் வாசகி:
இருவருக்கும் நன்றி. மொழித்தாள் எழுதலாம் என்ற செய்தியைக் கேட்டதும் அப்பா சற்று இறங்கி வந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை அவரையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு பட்டறையைப் பார்க்கப் போகிறேன்.