புதுப்பிப்பு: 1என்இசட் எஞ்சின் ஐடில் துடிப்பு, காரணம் செயின் அல்ல

முந்தைய பதிவில் மட்டக்களப்பில் ஓடும் டொயோட்டா கொரோலா 121இன் 1என்இசட்-எஃப்ஈ எஞ்சின் பற்றிக் கேட்டிருந்தேன்: சூடானதும் ஐடில் துடிப்பு, சிக்னலில் நின்றுபோதல், ஸ்கேனரில் பி1349 (விவிரி-ஐ, அதாவது இன்டேக் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பில் கோளாறு என்ற குறியீடு). பலர் ரைமிங் செயின் என்றீர்கள். செயின் சரியாகவே இருக்கிறது. பிழை அந்த விவிரி-ஐக்கு ஒயிலைத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டு வால்வில்.

10 மி.மீ. போல்ட் ஒன்றைக் கழற்றினால் வால்வு கையோடு வரும். உள்ளே தார் போலக் கறுத்த படிவு. ஸ்பூல் (உள்ளே நகரும் சிறு உருளை) அட்வான்ஸ் பக்கம், அதாவது வால்வை முந்தித் திறக்கவைக்கும் பக்கம், இறுகிக் கிடந்தது. அதை நகர்த்தும் மின் கொயிலின் ரெசிஸ்டன்ஸ் குளிர்ந்த நிலையில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும். இருந்தது, ஆகவே வால்வை மாற்றவில்லை. கிளீனர் அடித்து, பற்றரியின் 12 வோல்ற்றைக் கணநேரம் தொட்டுத் தொட்டு எடுத்தால் ஸ்பூல் 'டிக்' என்று ஓடும். சிலிண்டர் ஹெட்டில் இந்த வால்வுக்கென உள்ள சிறு வலை பில்டரை மறக்கவே வேண்டாம். அதை அடைப்போடு விட்டால் வால்வைக் கழுவியதெல்லாம் வீண். ஓ-ரிங் புதிது போடுங்கள். எஞ்சின் ஒயிலை ஒயில் பில்டரோடு மாற்றினால் 3.7 லீற்றர் பிடிக்கும்.

டவுனுக்குள் குறுந்தூர ஓட்டம், தள்ளிப்போட்ட ஒயில் மாற்றம், இரண்டும் சேர்ந்தால் இந்தப் படிவு வரும்.

இதே குடும்பத்துச் சிறிய எஞ்சினான 2என்இசட்டின் பாகம் இதற்குப் பொருந்துமா என்று கல்முனைத் தம்பி கேட்டிருந்தார். போர் (சிலிண்டர் விட்டம்) இரண்டிலும் 75 மி.மீ.; ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 1என்இசட்டில் 84.7, 2என்இசட்டில் 73.5. ஸ்ட்ரோக்கைத் தீர்மானிப்பது கிராங்க் தண்டு; அதை மாற்றிப் போட நினைக்காதீங்க தம்பி. பிரியஸ் ஹைபிரிட்டில் வரும் 1என்இசட்-எஃப்எக்ஸ்ஈ எஞ்சினில் இன்டேக் வால்வு பிந்தி மூடும். அதனால் கம்ப்ரெஷன் கேஜ் குறைவாகக் காட்டினால் அதற்காக மட்டும் பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டாம்.