சூசகம், சாடை, பொடி: தில்லியில் நீங்கள் பட்ட பாடு என்ன?

மயூர் விஹாரிலிருந்து:
தில்லிக்கு வந்த முதல் வாரம். அலுவலகச் சுவரில் தேவநாகரியில் ஒரு தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'சூச்னா'. 'கூட்டணி மாறும்: அமைச்சர் சூசகம்' என்று செய்தித்தாளில் படித்து வளர்ந்தவன் நான். ஏதோ பொடி வைத்து எழுதியிருக்கிறார்கள் என்று ஆவலோடு மீதியையும் படித்தால், லிஃப்ட் 2 நாள் ஓடாது என்று இருந்தது. இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றே, சமஸ்கிருதம். இந்தியில் அது பகிரங்கமான தகவல். 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கே 'சூச்னா கா அதிகார்' என்றுதான் பெயர். தமிழுக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஆர்.கே.புரத்திலிருந்து:
சூசகம் அச்சுத் தமிழ். வீட்டில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? எங்களுக்குச் சாடைதான். (அப்பா முகச்சாடை என்பதற்கும் அதே சொல், அது வேறு கதை.) என் மாமியார் 3 மாதம் வந்து தங்கினார். என்னிடம் நேராக ஒரு குறை சொன்னதில்லை. பாத்திரம் துலக்க வரும் பீகார்ப் பெண்ணிடம் சொல்வார், தமிழில். "இந்த ஊர்ப் புளிக்குப் புளிப்பே கிடையாது போலிருக்கிறதம்மா." அவளுக்கு ஒரு சொல் புரியாது. புரிய வேண்டியவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். சாடை பேச இதைவிட வசதியான ஆள் கிடைப்பாளா? ஒருநாள் அந்தப் பெண், மாஜி தினமும் என்னதான் சொல்கிறார் என்று என்னையே கேட்டுவிட்டாள். "ரசம் பிரமாதம் என்கிறார்" என்று இந்தியில் சொல்லிவைத்தேன். மாமியாருக்கு அந்த அளவு இந்தி தெரியும் என்பது அன்று இரவு அவர் ரசம் வேண்டாம் என்றபோதுதான் தெரிந்தது.

கரோல் பாகிலிருந்து:
எனக்கு நடந்தது சிரிக்கக்கூடியதில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் மருத்துவமனையிலிருந்து பேசினார்: அப்பாவின் 'ஹாலத் நாஜுக்'. பெரியவர் அங்கும் நாசூக்காக நடந்துகொள்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "அவர் எப்போதும் அப்படித்தானே" என்றேன். பாரசீகத்தில் மென்மை என்ற பொருளுள்ள சொல் நம்மிடம் பக்குவமான பேச்சாகியிருக்கிறது, அவர்களிடம் கவலைக்கிடம். பெரியவர் பிழைத்து வந்தார். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

ஜனக்புரியிலிருந்து:
வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்று இரண்டு அதிகாரம் வைத்தார். 71-ஆவது அரசவைக்கு, 110-ஆவது காதலர்களுக்கு. ஆர்.கே.புரம் சகோதரிக்காக மூன்றாவது ஒன்று வைத்திருக்கலாம்.

மயூர் விஹாரிலிருந்து, மீண்டும்:
கேட்டவன் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் 4 முறை கோடி காட்டினார், மகனுக்குக் கல்யாணம் என்று. நான் 4 முறையும் வாழ்த்துச் சொன்னேன். ஐந்தாம் முறை மகனே அளவு நாடாவோடு வந்து என் படுக்கையறையை அளக்கத் தொடங்கினான்.