‘மிதவை’ வேண்டாம், ‘ஒதுங்கல்’ என்போம்: கரையில் பொறுக்கிய சுறாப்பற்களுக்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

பாறைப் படையிலிருந்து (அடுக்கிலிருந்து) தோண்டாமல், கரையில் தனியாகக் கிடந்து எடுத்த உயிர்ச்சுவட்டை என்னவென்று சொல்வது என்ற பேச்சு நீண்டுகொண்டே போகிறது. (எங்கள் இலங்கைப் பாடநூல் வழக்கப்படி உயிர்ச்சுவடு என்றே எழுதுகிறேன். தமிழகத்து நண்பர்கள் புதைபடிவம் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.) ஆங்கிலத்தில் ‘ஃபுளோட்’ என்கிறார்கள் என்பதற்காக ‘மிதவை’ என்று வைப்பது சரிவராது. எங்கள் மட்டக்களப்புக் கரையில், கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ மிதவை என்றால் வலையில் கட்டுவதைத்தான் நினைப்பார்கள். கல் மிதப்பதும் இல்லை. ‘இடம்பெயர்ந்த சுவடு’ பொருளளவில் பொருந்துகிறது. ஆனால் மட்டக்களப்பில் அந்தச் சொல்லைக் கேட்டால் முகாமும் நிவாரண வரிசையும்தான் நினைவுக்கு வரும். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தான் பொறுக்கிய பல்லின் லேபலில் அதை எழுத வேண்டாம்.

என் பரிந்துரை ‘ஒதுங்கல்’. வள்ளம் கரை ஒதுங்கியது, திமிங்கிலம் கரை ஒதுங்கியது என்று நாளும் பேசுகிறோம். எங்கிருந்தோ வந்தது, தண்ணீர் கொண்டுவந்தது, இங்கே பிறந்ததல்ல: தேவையான மூன்று பொருளும் அதற்குள் இருக்கின்றன. சொல்லமைப்பும் புதிதல்ல. அடை என்பதிலிருந்து அடையல் வந்து, அடையற் பாறை (வண்டல் படிந்து இறுகிய பாறை) என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை தயங்காமல் எழுதுகிறதே. அதே வழியில் ஒதுங்கல், ஒதுங்கற் பல், ஒதுங்கற் சுவடு.

‘உதிரி’ நல்ல சொல்தான் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் அதை வேறு இடத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும். சுறாவுக்குப் பல் வரிசை வரிசையாக முளைத்து விழுந்துகொண்டே இருக்கும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் பெரும்பாலும் பல்தான் மிஞ்சுகிறது. தாடையிலிருந்து தானாக விழுந்ததை ‘உதிர்பல்’ என்போம். உதிர்பல் அடையற் படைக்குள்ளும் இருக்கலாம், கரையிலும் ஒதுங்கலாம். உதிர்ந்ததற்கும் ஒதுங்கியதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

படையில் இருந்ததா, கரையில் ஒதுங்கியதா என்ற வேறுபாட்டை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் எங்கள் கரையேதான். மட்டக்களப்பு, அம்பாறைக்கு அடியில் இருப்பது விஜயன் தொகுதி என்ற பாறைக் கூட்டம். 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய உருமாறிய பாறை (வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியது), உலகில் சுறா தோன்றுவதற்கு முந்தியது. அதில் பல் இருக்க வழியில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்); அங்கே கடலுயிர்ச் சுவடு தேடுவதற்கு அர்த்தமுண்டு. தமிழகத்தில் அரியலூர்ப் பக்கம் காரைக் களிமண்ணில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துச் சுறாப்பற்கள் கிடைத்திருக்கின்றன. கல்லடி மணலில் கிடைப்பதற்கு அப்படியொரு படை கீழே இல்லை. பெரும்பாலும் அது இன்றைய சுறாவின் பல். கரைவலை இழுத்த இடத்தில் வீசிய தலையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

அண்மையில் ஒரு மாணவி காட்டிய பல்லைச் சொல்கிறேன். பெருவிரல் நகத்தளவு அகலம். முக்கோண முடி (வேருக்கு மேலுள்ள பகுதி), விளிம்பில் நகத்தை இழுத்தால் அரம் போலப் பிடிக்கும் நுண்பற்கள். வேர் இரண்டு கிளையாகப் பிரிந்து, நடுவில் மெல்லிய பள்ளம். உதட்டுப் பக்கம் தட்டையாகவும் நாக்குப் பக்கம் புடைத்தும் இருந்தது. இவை எல்லாம் சேர்ந்தால் கார்க்கரைனஸ் என்ற சுறாப் பேரினத்தின் மேற்தாடைப் பல்லாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கறுப்பாக இருந்ததால் ‘கோடி வருசம் இருக்கும்’ என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பு வயதைச் சொல்லாது. காற்றுப் புகாத வாவிச் சேற்றில் இரும்பு சல்பைட்டு ஏறி, நேற்றைய சிப்பிகூடக் கறுத்துப்போகும். நிறம் எந்த மண்ணில் கிடந்தது என்பதைச் சொல்லும், அவ்வளவுதான்.

வடிவமும் சில வேளை காப்பாற்றாது. ஹெமிப்ரிஸ்டிஸ் என்ற சுறாவின் மேற்பல்லில் அரவிளிம்பு நுனிக்குச் சற்று முன்பே நின்றுவிடும், பார்த்தவுடன் தெரியும். ஆனால் அதன் அழிந்த இனம் மயோசீன் படைகளில் கிடைக்கிறது, இன்னொரு இனம் இந்து சமுத்திரத்தில் இப்போதும் நீந்துகிறது. பேரினம் தெரிந்தும் காலம் தெரியாது. காலத்தைச் சொல்வது படை. ஒதுங்கலுக்குப் படை இல்லை. அதனால்தான் இந்தச் சொல் லேபலில் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன்.

‘மலைச்சரிவில் கிடப்பதையும் ஒதுங்கல் என்பீர்களா?’ என்ற கேள்வி நியாயமானது. மழைத்தண்ணீர் அரித்துக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதும் ஒதுக்குவதுதான். வாய்க்காலில் குப்பை ஒதுங்கியது என்று வயற்காரர் சொல்வதில்லையா? மழைக்கு ஒதுங்குவது என்ற பொருளும் உண்டே என்றால், அடைதலுக்கும் போய்ச் சேருதல் என்ற பொருள் இருக்கிறது. அடையற் பாறையில் யாரும் தடுமாறவில்லை.

அப்புறம், ஒரு படையிலிருந்து அரிபட்டுப் போய், பிந்திய இன்னொரு படையில் மறுபடி புதைந்த சுவடு. அதை ஒதுங்கல் என்று சொல்லக் கூடாது. படைக்குள் இருப்பதால் படையின் வயதே அதன் வயது என்று ஏமாற்றிவிடும். அதற்கு ‘மீளடையல்’ என்று வைக்கலாம். தன் சொந்தப் படையிலேயே இருந்ததற்குத் தனிச்சொல் கட்ட வேண்டியதில்லை, ‘படையிலிருந்து எடுத்தது’ என்று எழுதினாலே விளங்கும்.

மறுப்பு வராவிட்டால் பிள்ளைகளுக்கு இந்த மாதிரியைக் கொடுக்கப்போகிறேன்: ‘சுறாப்பல், மேற்தாடை, கார்க்கரைனஸ் ஆகலாம், ஒதுங்கல், கல்லடிக் கடற்கரை, அலைவரம்பு, காலம் தீர்மானிக்கப்படவில்லை.’ திருக்கையின் பற்தகட்டுக்கும் மீனின் செவிக்கல்லுக்கும் (காதுக்குள் இருக்கும் சிறு கல்) இதே மாதிரி பொருந்தும். அலை வந்து தொடும் எல்லையைச் சொல்லும் ‘அலைவரம்பு’ என்பதற்கு மீனவர் வாயில் இதைவிட நல்ல சொல் புழங்கினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.