மறு: ‘செனசென்ட் செல்’ – மூப்புச்செல்லா, தேக்கச்செல்லா?

குழுவினருக்கு வணக்கம். சாகாமல், ஆனால் பெருகுவதை நிரந்தரமாக நிறுத்திவிட்ட செல்லை ஆங்கிலத்தில் ‘செனசென்ட் செல்’ (senescent cell) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில், நம் குழுவில் ஒருவர் எழுதியதற்கு இது என் பதில்.

> ‘மூப்புச்செல்’ என்றே வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரிந்துவிடுமே என்பதுதான் என் கவலை. இந்தச் செல்கள் வயதானவர் உடம்பில் மட்டும் இருப்பவை அல்ல. காயம் ஆறும் இடத்தில் தோன்றுகின்றன, கருவளர்ச்சியின்போதுகூடத் தோன்றுகின்றன. புற்றாக மாறக்கூடிய செல் பெருகிவிடாமல் உடல் போடும் தடையும் இதுவே. கருவில் இருக்கும் செல்லைப் போய் மூப்புச்செல் என்று எப்படி எழுதுவது?

1961இல் பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வு நிலையத்தில் லெனர்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் மனிதக் கருவின் செல்களை வளர்த்தார்கள். ஏறத்தாழ 50 முறை பெருகியதும் அவை நின்றுவிட்டன. செத்துப்போகவில்லை, பெருகுவது மட்டும் நின்றது. அதுவரை, ஓயாமல் வளர்வதாக அலெக்சிஸ் காரெல் என்ற மருத்துவர் சொன்ன கோழிக்குஞ்சு இதயச் செல்களை நம்பி, குடுவையில் வளரும் செல் முடிவின்றிப் பெருகும் என்றுதான் எண்ணியிருந்தார்கள்.

ஆக, நிரந்தரமாக நின்றுபோவது இதன் முதல் பண்பு. அதனால் ‘ஓய்வுச்செல்’ சரிவராது. ஓய்விலிருக்கும் செல் தேவைப்பட்டால் மறுபடி பிரிந்து பெருகும், கல்லீரலில் நடப்பது அதுதான். ‘பிரியாச்செல்’ என்றால் இயல்பாகவே பிரியாத நரம்புச் செல்லும் உள்ளே வந்துவிடும். ‘முதிர்செல்’ என்றால் முழுதாக வளர்ந்த நல்ல செல் என்று மாணவர்கள் படிப்பார்கள். ‘ஜோம்பி செல்’ செய்தித் தலைப்போடு நிற்கட்டும்.

இன்னொரு பண்பு, இவை அழற்சியைத் தூண்டும் புரதங்களைக் கசியவிட்டு அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுப்பது. இளவயதில் நோய் எதிர்ப்பு அமைப்பு இவற்றை அப்புறப்படுத்திவிடும். வயது ஏற ஏற அது தளர்வதால் இவை சேர்ந்துகொண்டே போகும். சீக்கிரம் மூப்படையும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளில் இவற்றைக் களைந்தபோது தசை மெலிவதும் கண்புரையும் தள்ளிப்போயின என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள்.

வடியாமல் நின்று, சேர்ந்து, சுற்றிலும் கெடுக்கும் நீரைத் தேங்கிய நீர் என்கிறோம். ஆகவே என் முன்மொழிவு ‘தேக்கச்செல்’. ‘தேக்குச்செல்’ வேண்டாம், தேக்கு மரத்தின் செல் என்று படித்துவிடுவார்கள். இலங்கைப் பாடநூல்களில் செல்லைக் கலம் என்பதால் அங்கே ‘தேக்கக்கலம்’ ஆகும். இலை பழுத்து உதிர்வதற்குத் தாவரவியலில் இருக்கும் ‘மூப்படைதல்’ அப்படியே இருக்கட்டும்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. அந்த நிலைக்குச் ‘செல்தேக்கம்’, கசியும் பொருளுக்குத் ‘தேக்கக்கசிவு’, 2015இல் சோதித்த டாசடினிப்–குவெர்செடின் (தாவரங்களில் உள்ள ஒரு பொருள்) கூட்டு போன்ற, இந்தச் செல்களைக் களையும் மருந்துகளுக்குத் ‘தேக்கநீக்கி’.

கடைசிச் சொல்லில் மட்டும் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டுகிறேன். தயவுசெய்து ‘இளமை மருந்து’ என்று யாரும் பெயர்க்க வேண்டாம். டாசடினிப் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வீரியமான மருந்து. மனிதர்களிடம் இந்தக் கூட்டு மருந்தின் சோதனைகள் இன்னும் சிறிய அளவில்தான் நடந்திருக்கின்றன. நாம் வைக்கும் பெயரைப் பார்த்து யாரும் மாத்திரை வாங்கிவிடக் கூடாது.

‘தேக்கக்கசிவு’ ஒலிக்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. அதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். மற்றவற்றுக்கு மறுப்பு வராவிட்டால் விக்சனரியில் சேர்த்துவிடலாம்.